சிங்கப்பூரிலிருந்து கோத்தகிரி வருபவர்களுக்கு இங்கே சிம் வாங்கிக் கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சித்தப்பா குடும்பம் பத்து நாள் தங்க வருகிறது. கோத்தகிரி வந்ததும் கடையில் சிம் எடுத்துக் கொடுத்தால் போதுமா?

பதில்: வேண்டாம். கோவையில் இறங்கியதும் கீழேயே முடித்துவிட்டு மேலே ஏறட்டும். ரீசார்ஜ் கடைகளில் பெரும்பாலும் ஆதாரை வைத்துத்தான் சிம் கொடுப்பார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குத்தான் போக வேண்டும். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ அட்டை (வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை), போட்டோ கையில் இருக்கட்டும். உள்ளூர் நம்பர் ஒன்று கேட்பார்கள், உங்களுடையதைக் கொடுத்தால் அதற்கு ஓடிபி வரும். அந்த நேரம் உங்கள் போன் டவர் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும். சிம் உயிர்பெற சில மணி நேரமாவது ஆகும், ஒரு நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை.

அவசரத்துக்கு உங்கள் ஆதாரில் சிம் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த எண்ணில் எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பத்து நாளைக்கு டேட்டா மட்டும் போதுமென்றால் பயண இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) சுலபம். போனில் *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு இஐடி (EID) என்றும் ஒரு நீள எண் வந்தால் அந்த போன் இ-சிம் ஏற்கும். இ-சிம் வாங்கியதும் வரும் க்யூஆர் கோடை சிங்கப்பூர் வீட்டு வைஃபையிலேயே ஸ்கேன் செய்து ஏற்றிவிடச் சொல்லுங்கள். ஏற்றுவதற்கே நெட் வேண்டும். ஏற்றியதை அழித்தால் அதே கோடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது.

பலரும் சறுக்கும் இடம் டேட்டா ரோமிங் பட்டன். இ-சிம்முக்கு அது ஆன், சிங்கப்பூர் சிம்முக்கு ஆஃப். ஐபோனில் கூடுதலாக, ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாக அடுத்த சிம்மின் டேட்டாவுக்குத் தாவும் வசதியையும் அணைக்க வேண்டும். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் விழும். இதை விட்டுவைத்தால் ரோமிங் பில் ஏறிவிடலாம்.

இந்திய சிம்மே எடுத்தால் எந்த கம்பெனி என்பதை உங்கள் வீட்டுக்குள் எது எடுக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தேயிலைச் சரிவில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே நூறடியில் எல்லாம் மாறிவிடும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்டி (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) ஒத்துப்போகாத போனில் நெட் வரும், கால் வராது. ஏர்டெல்லில் 4ஜி போனாலும் 2ஜியில் கால் பேசலாம். ஆனால் சிங்கப்பூரில் 2017லேயே 2ஜியை மூடிவிட்டார்கள். அங்கிருந்து வரும் சில ஆண்ட்ராய்டு போன்களில் 2ஜி அனுமதி அணைந்து கிடக்கும், செட்டிங்கில் அதை ஆன் செய்ய வேண்டும். சிக்னல் கட்டை இருந்தும் எதுவும் ஓடவில்லையென்றால் ஏரோப்ளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுங்கள். தூரத்து டவரைப் பிடித்துத் தொங்கும் போன் பக்கத்து டவருக்கு வந்துவிடும்.

நீலகிரிக்குள் வர இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் மின்னஞ்சல் வைத்தே பதியலாம், அதையும் கிளம்பும் முன்பே எடுத்து ஸ்க்ரீன்ஷாட் வைத்துக்கொள்ளட்டும். கூகுள் மேப்பில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி, கூடலூர் வரை ஆஃப்லைனில் இறக்கச் சொல்லுங்கள். அவலாஞ்சி, முதுமலைப் பக்கம் போனால் அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

சாட்டிலைட் போன் மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம். முன் அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் அது வைத்திருப்பதே குற்றம். ட்ரெக்கிங்குக்கு எடுத்து வரும் கையடக்க சாட்டிலைட் கருவியோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.