காரும் இல்லை, ஓட்டும் இல்லை: ஃப்ரீமாண்டுக்குப் புதிதாக வந்தவருக்கு

கலிஃபோர்னியாவில் இருக்கும் ஃப்ரீமாண்டுக்கு வந்து இரண்டு மாதம், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசா, கார் ஓட்டத் தெரியாது, தெருவெங்கும் ‘ப்ராப்’, ‘மெஷர்’ என்று பலகைகள். நானும் ஓட்டுப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கூடாதும்மா. கிரீன் கார்டு வந்தாலும் கூடாது. டிஎம்வி என்ற வாகன உரிம அலுவலகத்தில் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுக்கும்போது, வாக்காளர் பதிவுக்காகக் குடியுரிமையைப் பற்றியும் கேட்பார்கள். அவசரத்தில் ‘ஆம்’ என்று தட்டிவிடாதீர்கள், நாடு கடத்தும் வரை போகும்.

அந்தப் பலகைகள் வேறு கதை. நம் ஊரில் சின்னத்தைப் பார்த்து அமுக்கிவிட்டு வருவோம். கலிஃபோர்னியாவில் 1911 முதல், போதிய கையெழுத்து சேர்த்தால் யாரும் ஒரு சட்டத்தையே வாக்குச்சீட்டில் ஏற்றலாம். மாநிலம் முழுவதற்கும் என்றால் ப்ராப், அதாவது ப்ராபொசிஷன், எண் இருக்கும். ஊர், கவுண்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில் என்றால் மெஷர், எழுத்து இருக்கும்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். 1996-ல் வந்த ப்ராப் 209-க்கு ‘சிவில் உரிமை’ என்று பெயர் சூட்டிப் பிரச்சாரம் செய்தார்கள். அரசு வேலையிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் இனம், பாலினம் பார்த்துத் தந்த முன்னுரிமையை நிறுத்தியது அதுதான். அதை நீக்கச் சொல்லி 2020-ல் ப்ராப் 16 வந்தது. எனக்கு அதுதான் முதல் ஓட்டு. ‘ஆம்’ போட்டால் எது நிற்கும், எது போகும் என்று புரிய இரண்டு தடவை படித்தேன். அது தோற்றது.

இன்னும் பழைய கதை ஒன்று. நிறம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று 1963-ல் இங்கே சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே அதைக் கவிழ்க்க ப்ராப் 14. நூற்றுக்கு 65 பேர் ஆதரித்தார்கள். 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லும்படி ஆயிற்று. வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த 65 நினைவுக்கு வரும்.

சரி, கார். ஃப்ரீமாண்டிலிருந்து மில்பிடாஸ், சான் ஹோசே பக்கம் பார்ட் என்ற நகர ரயில் போவதும் ஒரு மெஷரால்தான். 2000-ல் சாந்தா கிளாரா கவுண்ட்டி மக்கள் அரை சதவீத விற்பனை வரிக்கு ஒப்புக்கொண்டார்கள். ரயில் வர 2020 ஆகிவிட்டது. மில்பிடாஸில் ஒரு செருப்பு வாங்கினாலும் அந்த வரியை நீங்களும் கட்டுகிறீர்கள், ஓட்டு இல்லாவிட்டாலும். அதனால் கூச்சப்படாமல் ஏறுங்கள்.

கிளிப்பர் என்ற பயண கார்டு ஒன்று எடுத்தால் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆகும். அப்புறம் பழைய சைக்கிள் ஒன்று. பஸ் முன்னால் மாட்டலாம், பார்ட்டிலும் கூட்டமில்லாத பெட்டியாகப் பார்த்து ஏற்றலாம். பூட்டு மட்டும் கனமானதாக வாங்குங்கள். என் முதல் சைக்கிளை ஒரு ஸ்டேஷன் வாசலில் மெல்லிய கம்பிப் பூட்டுப் போட்டு விட்டுப் போனேன். சாயங்காலம் பூட்டு மட்டும் கிடந்தது.