சப் கோர்ட்டில் தோற்ற பிறகு ஹைகோர்ட்டில் எது எடுபடும்?

வீட்டைக் காலி செய்யச் சொல்லி உங்கள் அண்ணன் போட்ட வழக்கில் முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தீர்கள், சப் கோர்ட் அதைப் புரட்டிப் போட்டுவிட்டது, தீர்ப்பாகி இரண்டு மாதம் ஆகிறது, ஹைகோர்ட் போனால் நியாயம் கிடைக்குமா என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சாட்சி பொய் சொன்னது, அண்ணன் அம்மாவைக் கவனிக்காதது, வீட்டு வரி ரசீதை நீதிபதி நம்பாதது, எதுவும் அங்கே எடுபடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100வது பிரிவுப்படி, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் ஹைகோர்ட்டில் இரண்டாம் மேல்முறையீடு. யார் சொன்னது உண்மை என்பது சப் கோர்ட்டோடு முடிந்த கதை.

உங்களிடம் இருப்பது, கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான்: பாகம் பிரித்து எழுதிய தாளை, பதிவு செய்யவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். அதன் வாசகத்தைப் பாருங்கள். 'ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்து அனுபவித்து வருகிறபடி' என்றிருந்தால் அது நடந்ததைக் குறித்து வைத்த தாள், பதிவு தேவையில்லை, வாதாட இடமுண்டு. 'இன்று முதல் இந்தப் பாகம் உனக்கு' என்றிருந்தால் அந்தத் தாளேதான் சொத்தைப் பிரிக்கிறது, பதிவில்லாமல் நிற்காது. அப்படியென்றால் ஃபீஸ் வாங்காமலே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அப்பீல் போட்டாச்சு, இனி வீட்டில் யாரும் கை வைக்க முடியாது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அப்பீல் வேறு, ஸ்டே வேறு. தனியாக மனுப் போட்டு, உத்தரவு வாங்கினால்தான் தடை. அப்பீல் போட உள்ள 90 நாள் கெடு முடியும் நேரத்தில் தாக்கல் செய்வார்கள், குறை சொல்லி பேப்பர் திரும்பி வரும், அதைச் சரிசெய்து, கோர்ட் ஏற்று வழக்கு எண் கொடுப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும், அதற்குள் எதிர்த்தரப்பு, தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லும் நிறைவேற்று மனுப் போட்டு, அமீனாவோடு (கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர்) வாசலில் நிற்கும். சாமான் தெருவுக்கு வந்த பிறகு ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஜெயித்தால் வீட்டின் சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, திரும்பக் கேட்கலாம்தான், அதற்குள் எத்தனை வருஷமோ! ஸ்டே கிடைத்தாலும் பணம் கட்டு என்று நிபந்தனை வரலாம், கட்டத் தவறினால் ஸ்டே போய்விடும்.

தாள் இரண்டாவது ரகமென்றால் இப்போதே அண்ணனோடு பேசி ஒரு தொகை வாங்கிக்கொண்டு விலகுங்கள். ஹைகோர்ட் முதல் விசாரணையிலேயே தள்ளுபடி செய்துவிட்டால் அவர் ஒரு ரூபாய்கூடத் தரத் தேவையில்லை. கெடு முடிவதற்குள் அப்பீலைப் போட்டுவைத்துவிட்டே பேசுங்கள், அப்போதுதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. அப்புறம், சமரசத்தையும் வெள்ளைத்தாளில் எழுதி மடித்து வைக்காதீர்கள்; கோர்ட்டில் சமரச மனுவாகப் போடுங்கள் அல்லது பதிவு செய்யுங்கள்.