சொந்தப் பணம்தானா?

கேள்வி: மெக்சிகோ வங்கியாளர் அல்ஃபிரெடோ ஹார்ப் ஹெலு வஹாக்கா மாநிலத்துக்கு வாரி வழங்கியதைப் படித்தேன். மியூசியம், நூலகம், பேஸ்பால் அணி என்று சொந்தப் பணத்தை இறைக்கிறார். கடத்தப்பட்டு உயிர் பிழைத்து வந்தவர், மனம் மாறிக் கொடுக்கிறாராம். பணக்காரர் யார் கொடுத்தாலும் முகம் சுளிப்பீர்களே, இவரிடம் என்ன குறை கண்டீர்கள்?

பதில்: கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. ‘சொந்தப் பணம்’ என்றீர்களே, அங்கேதான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஹார்ப் ஹெலு படித்தது கணக்குப்பதிவியல். 1971இல் ரொபெர்த்தோ எர்னாண்டெஸோடு சேர்ந்து அக்சிவால் என்ற பங்குத் தரகு நிறுவனத்தைத் தொடங்கினார். 1982இல் மெக்சிகோ அரசு வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது, பிறகு மனசு மாறி விற்க ஆரம்பித்தது, 1991இல் பனாமெக்ஸ் என்ற பெரிய வங்கி இந்தத் தரகர் கூட்டணியின் கைக்கு வந்தது. 1994 டிசம்பரில் மெக்சிகோ நாணயமான பெசோ சரிந்தது. வட்டி எகிற, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் நிற்க, வங்கிகளின் வாராக்கடனை ஃபோபாப்ரோவா என்ற நிதியத்தின் பெயரில் அரசு வாங்கிக்கொண்டது. 1998இல் 55,000 கோடி பெசோவுக்கு மேல் மக்கள் தலையில் ஏற்றச்சொல்லி நாடாளுமன்றத்திடம் கேட்டார்கள், அங்கே ரகளையே நடந்தது. அப்படிக் கைதூக்கிவிடப்பட்ட வங்கிகளில் பனாமெக்ஸும் ஒன்று. மூன்றே வருஷத்தில், 2001இல், அதை அமெரிக்காவின் சிட்டி குரூப் 1,250 கோடி டாலருக்கு வாங்கியது. விற்றவர்கள் அந்த லாபத்துக்குக் கட்டிய வரி? பூஜ்யம். பங்குச் சந்தை வழியாக விற்றால் வரி கிடையாது என்று சட்டமே சொன்னது, அதனால் யாரும் திருடவில்லை. ஆனால் நஷ்டம் ஊருக்கு, லாபம் எனக்கு என்று கணக்கு முடிந்தது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார் என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதுவும் முழு நியாயம் ஆகாது, ஏனென்றால் மனுஷர் உடைத்த இடம் அப்படி. சும்மா பளிங்குக் கட்டடம் கட்டிப் பெயர் வெட்டுகிற வேலை இல்லை. வஹாக்கா நகரத்தில் இடிந்து, கடைகளாகத் துண்டாடப்பட்டுக் கிடந்த சான் பாப்லோ மடத்தைச் சீராக்கி, அதற்குள் பழங்குடி மொழிகளுக்கான ஓர் ஆராய்ச்சி நூலகம். 1578இல் சபோதெக் மொழிக்கு அகராதி அச்சிட்ட ஹுவான் தெ கோர்தோவா என்ற பாதிரியாரின் பெயர் அதற்கு. நெசவுக்கு ஒரு மியூசியம், தபால்தலைக்கு ஒன்று. அவர் மனைவி மரியா இசபெல் கிரான்யேன் போர்ருவா வரலாற்றாய்வாளர். 2003இல் அவர் முன்னின்று தொடங்கிய அடாபி என்ற அமைப்பு சின்னச் சின்ன ஊர்களின் சர்ச்சுகளுக்கும் நகராட்சிகளுக்கும் போய், மூட்டையாகக் கிடந்த பழைய ஆவணங்களைத் தூசு தட்டிப் பெட்டியில் அடுக்கிப் பட்டியல் எழுதிக் கொடுக்கிறது. இந்த வேலைக்கு எந்த மந்திரியும் நிதி ஒதுக்க மாட்டார், ஓட்டு விழாது. இது ரசனை தெரிந்தவர் கொடுத்த பணம், சந்தேகமில்லை. (பேஸ்பால் விஷயத்தில் ரசனை கொஞ்சம் தடுக்கிவிட்டது: அவருடைய தியாப்லோஸ் ரோஹோஸ் அணிக்காக 2019இல் மெக்சிகோ நகரில் திறந்த மைதானத்துக்கு யார் பெயர் என்று நினைக்கிறீர்கள்?)

அப்புறம் அந்த மனமாற்றக் கதை. 1994 மார்ச்சில் கடத்தினார்கள், 106 நாள் அடைத்து வைத்திருந்தார்கள், குடும்பம் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து மீட்டது. கொடுமைதான். ஆனால் அவருடைய அறக்கட்டளை தொடங்கியது 2000இல், கை தாராளமானது 2001 விற்பனைக்குப் பிறகு. தேதியை வைத்துப் பார்த்தால் சிறையைவிட சிட்டி குரூப்பின் செக்தான் நன்றாகப் பொருந்துகிறது.

எனவே அவரை நான் திட்டவில்லை. அந்த வரி கஜானாவுக்குப் போயிருந்தால் பள்ளிக்கா, ஆஸ்பத்திரிக்கா, பழைய மடத்துக்கா என்று மெக்சிகோக்காரர்கள் சண்டை போட்டாவது முடிவு செய்திருப்பார்கள், பாதியை அரசியல்வாதி தின்றிருப்பான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஒரே குடும்பம் முடிவு செய்தது, நல்லவேளை நல்ல குடும்பம். பங்கு விற்ற லாபத்துக்குத் தனிநபர்களிடம் 10 சதவீத வரி 2014இல்தான் வந்தது, அதாவது அந்த விற்பனை முடிந்து பதின்மூன்று வருஷம் கழித்து.