கால்நடை மருத்துவர் ஊராட்சிப் பணிக்கு வரும்போது: கேள்வி பதில்

கால்நடை பராமரிப்புத் துறையில் உதவி மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் கிராம ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இவ்வாரம் பதிலளிக்கிறார்.

கேள்வி: வணக்கம் ஐயா. தாங்கள் அரசியல் குடும்பத்தைச் சேர்ந்தவரா? மருத்துவராக இருந்தவர் ஊராட்சிக்கு எப்படி வந்தீர்கள்?

பதில்: எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் எவரும் தேர்தலில் நின்றதில்லை. கால்நடை மருத்துவர் ஒரு வீட்டுக்குள் மாட்டுக்கொட்டகை வழியாக நுழைகிறார். எந்த வீடு ஒற்றைக் கறவை மாட்டை நம்பிப் பிழைக்கிறது, யார் நகையை அடகு வைத்து ஆடு வாங்கியிருக்கிறார், எந்தத் தெருவில் குடிநீரே இல்லாதபோது மாட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மாடுகளிடையே வேகமாகப் பரவும் கோமாரி நோய் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். ஒருவர் மாட்டுக்கு ஊசி போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பால் குறையுமென்று அஞ்சி மறுத்தால், பொதுத் தொட்டியில் தண்ணீர் குடிக்கும் மந்தை முழுவதற்கும் ஆபத்து நீங்குவதில்லை. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி இலவசமாகவே வருகிறது. ஆனால் அந்த அச்சத்தைப் போக்கும் வேலையை ஊருக்குள் இருப்பவர்தான் செய்யவேண்டும். முகாமுக்கு முன்பாகக் கிராம சபையில் எழுந்து, பால் குறைந்தாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று விளக்கிப் பேசுவது என் வழக்கமானது. ஓய்வுக்குப் பின் அந்தச் சபைக்கு வந்தவர்களே என்னை நிற்கச் சொன்னார்கள்.

கேள்வி: நான் அரசுப் பணியில் உள்ள கால்நடை மருத்துவர். விடுப்பு எடுத்துக்கொண்டு போட்டியிடலாமா?

பதில்: கூடாது. பதவி விலகவேண்டும் அல்லது ஓய்வு பெற்றிருக்கவேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் தெருநாய்த் தொல்லை தாங்கவில்லை. எல்லா நாய்களையும் பிடித்துத் தொலைவில் விட்டுவிட ஊராட்சியில் தீர்மானம் போட முடியாதா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நாய் கடித்தால் ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். தீர்மானத்தைப் பொறுத்தவரை, 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பதே பொது விதி. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் வேறு ஏற்பாட்டை வகுத்தது. ஊராட்சித் தீர்மானத்தால் இவற்றை மீற முடியாது.

கேள்வி: கடிபட்ட குழந்தையின் தாயிடம் விதியைப் படித்துக் காட்டுவீர்களா? நாய்களை ஒழித்தால்தான் நோய் ஒழியும்.

மற்றொருவர்: தெருநாய்களுக்கு உணவு வைப்பவர்களைக் குற்றவாளிகளாக்குவதுதான் உங்கள் நோக்கமா?

பதில்: இருவருக்கும் சேர்த்தே விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் நான் தலைவராக இருந்தபோது சபையில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது இந்த விவகாரம்தான். அந்தத் தாயின் கோபம் நியாயமானது, அதை நான் ஒருபோதும் மறுக்கமாட்டேன். ஆனால் கோழிக்கடைக் கழிவு தெருவோரத்தில் கொட்டப்படும்வரை, ஒரு கூட்டத்தை அகற்றினால் பக்கத்து ஊர்க் கூட்டம் அந்த இடத்துக்கு வந்துவிடும். வருபவை ஊசி போடாதவையாகவும் இருக்கும். ஒரு பகுதியின் நாய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால் வெறிநோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கோவா இவ்வழியில் உழைத்து, 2021-இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. உணவு வைப்பவர்களுக்குச் சொல்வது, குறித்த இடத்தில் வையுங்கள், ஊசி போடும் நாளில் நாயைப் பிடித்துக் கொடுங்கள் என்பதே. அவர்களைத் தவிர வேறு யாருடைய கைக்கும் அந்த நாய்கள் வருவதில்லை. ஆகவே அவர்களை விரட்டும் ஊர் தடுப்பூசி முகாமையும் சேர்த்தே விரட்டுகிறது.

கேள்வி: அப்படியானால் கடிபட்டவர்கள் என்ன செய்வது?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன். பதினைந்து நிமிடம், சோப்பு, ஓடும் நீர், பிறகு மருத்துவமனை. ஊசித் தவணைகளை இடையில் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் எருமை சினை பிடிக்கவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: பரிசோதிக்காமல் மருந்து சொல்வது தவறு. கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள், அல்லது கால்நடை உதவி எண் 1962-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஐயா, அரசு மருத்துவர் தேர்தலில் நிற்கலாமா?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைப் பாருங்கள். பணியில் இருந்தபடியே எந்த வேட்பாளருக்கும் வேலை செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் கால்நடை மருத்துவ இறுதியாண்டு மாணவி. ஊர்ப்பணிக்கு வர இப்போதே எதைத் தொடங்கலாம்?

பதில்: மகிழ்ச்சியம்மா. பதவிக்குக் காத்திருக்கவேண்டாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அங்கே கேள்வி கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. முதலில் வரவு செலவு அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதால், தலைவராக வந்தாலும் தனியாக எதையும் செய்துவிட முடியாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பதவிக்காலம் முடிந்தபின் என்ன செய்கிறீர்கள்?

பதில்: 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பேற்றார். அதன் பிறகும் வாக்காளனாகச் சபைக்குச் செல்கிறேன். இறைச்சிக் கழிவுக்குத் தனிக் குழி அமைக்க நிறைவேற்றிய தீர்மானம் எந்த நிலையில் உள்ளது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுத்து மூலம் கேட்டு வருகிறேன்.