பதில்: இரண்டு தெருப் பையன்கள் பகை, கிரிக்கெட் போட்டி வைக்கலாமா?

வணக்கம் நண்பரே. திருத்துறைப்பூண்டி பக்கம் உங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறுக்கு அப்புறம் மேலத்தெருப் பையன்களும் கீழத்தெருப் பையன்களும் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள், தெருவுக்கு ஓர் அணியாகக் கிரிக்கெட் வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். வைத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு தெரு ஆட்களையும் கலந்து அணி பிரியுங்கள்.

1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 11 வயதையொட்டிய 22 பையன்களை இரண்டு குழுவாக முகாமில் வைத்துப் பார்த்தார். போட்டி தொடங்கியதும் எதிரணியின் கொடியை எரிக்கும் அளவுக்கு முற்றிவிட்டது. ஒன்றாகச் சாப்பிட உட்காரவைத்தார்கள். சாப்பாட்டையே அள்ளி எறிந்துகொண்டார்கள். குடிதண்ணீர் நின்றுபோய் எல்லோருமாக அடைப்பைத் தேடியபோது, கிளம்பாத லாரியைக் கயிறு கட்டிச் சேர்ந்து இழுத்தபோதுதான் பகை மெல்லத் தணிந்தது. அதுவும் ஒரே நாளில் இல்லை.

உங்களுக்கு அந்த வேலை வாய்க்காலிலேயே கிடக்கிறது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்னால், மதகை அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை இரு தெருவும் சேர்ந்து எடுக்கட்டும். தண்ணீரில் இறங்கி அறுப்பவன் ஒரு தெரு, கரையில் நின்று இழுப்பவன் இன்னொரு தெரு. பாதி நேரத்தில் இடம் மாறவேண்டும். ஒரு தெருவே சேற்றில் நின்றால் எரிச்சல்தான் கூடும். டீ டம்ளரில் வித்தியாசம் பார்க்கிற ஊர் என்றால், முதலில் அதை நிறுத்தவேண்டும். சமமாக நிற்காதவர்களைச் சேர்த்துவைத்துப் பயனில்லை.

அப்புறம், தண்ணீர் முறையை இரு தெருப் பெரியவர்களும் உட்கார்ந்து எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.