போடிமெட்டு வளைவுகளும் தடித்த ஸ்டெபிலைசர் பாரும்

கேள்வி: போடியில் வசிக்கிறேன். கேரளத்துப் பூப்பாறையில் எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மலை ஏறி இறங்குகிறேன். ஏழு வருடமான ஹேட்ச்பேக். ஏறும்போது பின்னால் இரண்டு உர மூட்டை இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்கிறது. பின்சீட்டில் இருக்கும் அம்மா போடிமெட்டு வரும்வரை கைப்பிடியை விடுவதில்லை. முன்பக்க ஸ்டெபிலைசர் பாரை 20 மி.மீ.யிலிருந்து 22 மி.மீ. ஆக்கினால் சாய்வு போய்விடும் என்கிறார் எர்ணாகுளத்தில் இருக்கும் மைத்துனர். வெறும் 2 மி.மீ. என்ன செய்துவிடும்? மாற்றலாமா?

பதில்: 2 மி.மீ. நிறையவே செய்யும். ஸ்டெபிலைசர் பார் என்பது இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி. முறுக்கைத் தாங்கும் கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 22-ஐ 20-ஆல் வகுத்தால் 1.1. அதை நான்கு முறை பெருக்கினால் 1.46. அதாவது வடிவமும், முனைகளில் மடங்கியிருக்கும் கைகளின் நீளமும் அப்படியே இருக்க, 2 மி.மீ. கூட்டினாலே கம்பி ஏறக்குறைய 46 சதவீதம் விறைத்துவிடும். சாய்வு குறையும் என்று மைத்துனர் சொன்னது உண்மைதான். ஆனால் உங்கள் வண்டிக்கும் நீங்கள் போகும் சாலைக்கும் அதை மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில்.

நனைந்த போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே பக்கம் ஒரே அளவு திருப்பினால் போர்வை சும்மா உருளும். ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. ஒருவர் மட்டும் திருப்பினால்தான் முறுக்கு ஏறும். ஸ்டெபிலைசர் பாரும் அப்படித்தான். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அதற்கு வேலை இல்லை. வளைவில் வெளிச்சக்கரம் மட்டும் மேலே அமுங்கும்போது கம்பி முறுக்கேறி, உள்பக்கச் சக்கரத்தையும் தன்னோடு மேலே இழுக்கப் பார்க்கும். சாய்வு குறைவது இந்த இழுப்பினால்தான்.

வம்பும் இந்த இழுப்பில்தான் இருக்கிறது. வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் மொத்த எடையைக் கம்பி குறைப்பதில்லை. அதை முடிவு செய்பவை வண்டியின் எடை, எடை மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களின் இடைவெளி, நீங்கள் திரும்பும் வேகம் ஆகியவை. அந்த மாற்றத்தில் முன்பக்கம் எவ்வளவு சுமக்கும், பின்பக்கம் எவ்வளவு சுமக்கும் என்ற பங்கீட்டை மட்டுமே கம்பி மாற்றுகிறது. முன்பக்கம் தடித்த கம்பி போட்டால், முன்பக்க உள்சக்கரம் இன்னும் லேசாகிவிடும்.

உங்கள் வண்டியில் என்ஜின் இழுப்பது முன்சக்கரங்களில். ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சரிகிறது; போதாததற்கு டிக்கியில் இரண்டு உர மூட்டை. யூரியா என்றாலே 45 கிலோ வீதம் 90 கிலோ. முன்பக்கம் ஏற்கெனவே லேசு. அதில் உள்சக்கரத்தைக் கம்பி மேலும் தூக்கினால் என்ன ஆகும்? என்ஜினின் முறுக்கை இரண்டு பக்கமும் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல், இரண்டு சக்கரத்துக்கும் சம முறுக்கைத்தான் தரும். லேசான சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும். வளைவின் உள்விளிம்பில் சிதறிக் கிடக்கும் சரளையில் உள்சக்கரம் கிர்ரென்று சுற்றும், வண்டி நகராது. ஈரத்தில் இன்னும் மோசம்: ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு திரும்பாமல் நேரே போகப் பார்க்கும்.

அப்படியானால் பின்பக்கம் போடலாமே என்று மைத்துனர் அடுத்துச் சொல்வார். முன்சக்கர இழுவை வண்டிகளில் கையாளுமையைக் கூர்மையாக்கப் பின்பக்கத்தை விறைக்கச் செய்வது நல்ல வழிதான். பந்தயக்காரர்கள் செய்வதும் அதையே. ஆனால் நம் சிறிய ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் பின்னால் தனிக் கம்பியே கிடையாது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு பீமே முறுக்கேறி அந்த வேலையைச் செய்கிறது; கூடுதல் கம்பியை அதன்மேல்தான் பூட்ட வேண்டும். குமுளியில் நான் பட்டறை வைத்திருந்த காலத்தில் அப்படிப் பூட்டிய வண்டி ஒன்று வந்தது. லோயர்கேம்ப் இறக்கத்தில், தூறலில், வளைவின் நடுவே ஓட்டியவர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறார். பின்பக்கம் வீசிச் சுற்றி, வண்டி வந்த வழியையே பார்த்து நின்றிருக்கிறது. கம்பிக்கு ஒரு கீறல் இல்லை; கதவுகள் மட்டும் போய்விட்டன. ஐப்பசி மழையிலும் பனிமூட்டத்திலும் அம்மாவோடு இறங்குபவருக்கு அந்தக் கூர்மை எதற்கு?

சரி, சாய்வு? முதலில் இருக்கிற கம்பி வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஏழு வருட மலையோட்டத்துக்குப் பிறகு முழுதாக வேலை செய்தால்தான் எனக்கு ஆச்சரியம். மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் கடகடவென்று ஒலித்து, இரண்டும் சேர்ந்து வேகத்தடை ஏறும்போது சத்தமில்லாமல் இருக்கிறதா? பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டான லிங்க் ராடின் பந்து மூட்டு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினால் டக் டக்கென்று விரலிலேயே தெரியும். பாரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களையும் பாருங்கள். ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் கம்பி முறுக்கேறுவதற்கு முன்பே வண்டி சாய்ந்துவிடும்.

லிங்க் ராடை மாற்றுவதானால் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிய பிறகே லிங்க் ராடின் நட்டைக் கழற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்தால் கம்பி முறுக்கேறி நிற்கும். நட்டு கழன்றதும் எகிறி அடிக்கும். அவசரக்கார மெக்கானிக்குகள் பலர் வாங்கிய தழும்பு அது.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் அதையும் மாற்றுங்கள். அது சாய்வின் அளவைக் குறைக்காது. ஆனால் இடமும் வலமுமாக அடுத்தடுத்து வரும் வளைவுகளில் வண்டி தொப்பென்று விழுவதைத் தடுக்கும்.

டயருக்கு வாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால், கம்பிக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே போடுங்கள். ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் உள்ள ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கென்று தனிக் காற்றழுத்தம் போட்டிருப்பார்கள்; மூட்டை ஏற்றும் நாட்களில் அதன்படி பிடிக்க வேண்டும்.

எல்லையைத் தாண்டுவதால் சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரம் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். கம்பியின் விட்டம் சான்றிதழில் இருக்காது. ஆனாலும் விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளரிடம் நின்று அதை வாதாடும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக வேகம். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 20 கி.மீ.யில் எடுத்தால் பக்கவாட்டுத் தள்ளல் புவியீர்ப்பில் ஏறக்குறைய கால் பங்கு. அதையே 30-இல் எடுத்தால் பாதியைத் தாண்டிவிடும். புது லிங்க் ராடு போட்ட பிறகு, மூட்டை இல்லாமல், அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து, 20-இல் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். அப்போதும் அவர் கைப்பிடியை விடவில்லை என்றால் வண்டியின் மாடலையும் டயர் அளவையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.