கேள்வி-பதில்: விசேஷத்துக்கு ஒரு கெஸ்ட் பீர்

பிறந்தநாள், பணி ஓய்வு என்று பப்பில் விருந்து வைக்கும் பழக்கம் லண்டனில் நம்மவர்களிடமும் வந்துவிட்டது. "அன்றைக்கு மட்டும் இந்த பீர் வேண்டும்" என்று, பப்பில் வழக்கமாக இல்லாத ஒன்றைச் சொல்லி வரவழைப்பவர்களும் உண்டு. அதுதான் கெஸ்ட் பீர். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியவை.

கேள்வி: நண்பனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, அவன் படித்த ஊரான லீட்ஸ் பக்கத்து பீர் ஒன்றை எங்கள் தெரு பப்பில் கேட்டேன். "கம்பெனி விடாது" என்கிறார் நடத்துபவர். சாக்குப்போக்கா, அண்ணா? (டூட்டிங்)

பதில்: பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பல பப்களின் கட்டடம் ஒரு பெரிய கம்பெனிக்குச் சொந்தம். நடத்துபவர் குத்தகைக்காரர், கம்பெனி தரும் பீரைத்தான் வாங்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டிருப்பார். இதை 'டை' என்பார்கள். 1989-இல் அரசு ஓர் ஆணை போட்டு, பெரிய ப்ரூவரிகளின் (பீர் காய்ச்சும் நிறுவனங்களின்) பப்களில் வெளியார் காய்ச்சிய பீப்பாய் பீர் ஒன்றையாவது விற்க அனுமதித்தது. 2003-இல் அந்த ஆணையை எடுத்துவிட்டார்கள். 2016-இல் வந்த பப்ஸ் கோட் என்ற விதிமுறை குத்தகைக்காரருக்கும் கம்பெனிக்கும் இடையிலானது, வாடிக்கையாளரான உங்களுக்கு அதில் பிடி இல்லை. அவரிடம் கோபப்படாமல், "கம்பெனி பட்டியலில் வெளி ப்ரூவரி எதுவும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பல கம்பெனிகள் அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அதிலும் இல்லையென்றால் 'ஃப்ரீ ஹவுஸ்' ஒன்றைத் தேடுங்கள். அங்கே எதை வாங்குவது என்பது நடத்துபவர் முடிவு.

கேள்வி: நாற்பது பேர் வருகிறார்கள். எவ்வளவு பெரிய பீப்பாய் சொல்லலாம்? (ஹாரோ)

பதில்: 'பின்' (pin) என்ற சிறிய பீப்பாய் போதும். 36 பைண்ட். நாற்பது பேரும் அதையே குடிக்கப் போவதில்லை.

கேள்வி: அப்பாவின் ஓய்வு விருந்துக்கு, அவர் விரும்பும் பீரைக் கட்டாயம் வரவழைப்பதாகச் சொல்லி 300 பவுண்ட் முன்பணம் வாங்கினார்கள். அன்று போனால் வழக்கமான பீர்தான் இருந்தது. "சப்ளை வரவில்லை, பீர் பீர்தானே" என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஜூஸ் குடித்தார். (ஈஸ்ட் ஹாம்)

பதில்: படித்ததும் மனசு கனத்துவிட்டது, தங்கச்சி. அந்த பீருக்காகவே அந்த பப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். "பீர் பீர்தானே" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவை தருபவர் சொன்னதை நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால், வாயால் சொன்னதுகூட ஒப்பந்தத்தில் சேரும். சொன்ன பொருள் வரவில்லையென்றால் விலைக் குறைப்பு கேட்கலாம். பீரின் பெயரைச் சொல்லிப் பேசிய மெசேஜ், மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எவ்வளவு திரும்ப வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று குறித்துக் கடிதம் எழுதுங்கள். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு கம்பெனியிடமும் கேளுங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல் போனால், 1974-ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் அவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அதற்கும் மசியவில்லையென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் உதவி எண்ணில் பேசுங்கள். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: விருந்து அன்று மதியம் பீப்பாய் வந்தது, மாலையில் திறந்தார்கள். கலங்கலாக இருந்தது. ப்ரூவரி கெட்ட சரக்கை அனுப்பிவிட்டதா? (க்ராய்டன்)

பதில்: இல்லை. அவசரம்தான் கெடுத்தது. இதை எத்தனை முறை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பீப்பாய் பீர் உயிருள்ள சரக்கு. உள்ளே ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். பப்பின் நிலவறையில் 11 முதல் 13 டிகிரி குளிர்ச்சியில் அதைப் படுக்க வைத்து, அசையாமல் முட்டுக் கொடுப்பார்கள். மேல் அடைப்பில் காற்று கசியும் மென்மரத்தில் ஒரு சிறு முளையை அடித்ததும் உஸ்ஸென்று நுரை பொங்கும். பொங்கி அடங்கிய பிறகு காற்று புகாத கெட்டி முளையை மாற்றிச் செருகுவார்கள். வண்டல் பீப்பாயின் வயிற்றுக்கு இறங்கி பீர் தெளிய ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். நடுவில் நகர்த்தினால் எல்லாம் மறுபடி கலங்கும். ஊற்றத் தொடங்கிவிட்டால் மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

இது தெரியாமல் நானும் பணத்தைக் கொட்டியிருக்கிறேன். மைத்துனரின் விருந்துக்கு 'ஃபர்கின்' என்ற பீப்பாய் ஒன்று, 72 பைண்ட், அன்று காலையிலேயே போய் வாங்கி, காரில் இரண்டு மணி நேரம் குலுக்கிக்கொண்டு வந்து, சமையலறை மேசையில் ஏற்றிக் குழாயை அடித்தேன். கண்ணாடித் தம்ளரில் அரிசி கழுநீர் மாதிரி விழுந்தது. வாயில் வைத்தால் பழைய மாவுப் புளிப்பு. மறுநாள் பாதிக்கு மேல் சாக்கடையில் ஊற்றினேன். அதைக் காய்ச்சியவர் ஒரு தவறும் செய்யவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆகவே சனிக்கிழமை விருந்து என்றால் பீப்பாய் புதன்கிழமையே நிலவறையில் இருக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே பீரின் பெயர், ப்ரூவரி, பீப்பாய் அளவு, வந்து சேரும் நாள், வராவிட்டால் என்ன என்ற ஐந்தையும் எழுதி வாங்குங்கள். ஒரு மின்னஞ்சல் போதும்.

கேள்வி: உறவினர்களில் சைவம் நிறையப் பேர். பீரில் மீன் சேர்க்கிறார்களாமே? லேபிளில் இல்லையே? (வெம்பிளி)

பதில்: பல பீப்பாய் பீர்களில் உண்டு. ஈஸ்ட்டை அடியில் படியவைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். இந்த உபயோகத்துக்கு ஒவ்வாமை அறிவிப்பு விதியிலிருந்து விலக்கு இருப்பதால் லேபிளில் வராது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "ஐசிங்கிளாஸ் சேர்க்காத பீர் வேண்டும்" என்று ப்ரூவரியிடமே சொல்லுங்கள். லேசாகக் கலங்கியிருக்கலாம், அதில் குற்றம் இல்லை. வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவம் என்று நம்பிக் குடித்துவிட்டுப் பிறகு தெரிந்தால் யாருக்கும் வருத்தமாக இருக்கும்.

கேள்வி: வரும் சனிக்கிழமை ஹாலில் விழா. டிக்கெட்டோடு பீரும் தருகிறோம். அனுமதி ஏதும் வேண்டுமா? (இல்ஃபர்ட்)

பதில்: உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. டிக்கெட்டில் பீர் சேர்ந்தால் அது விற்பனை. ஹாலுக்கு உரிமம் இல்லையென்றால் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும், கட்டணம் 21 பவுண்ட். பத்து வேலை நாள் முன்னால் கொடுக்க வேண்டியது, தாமதமானாலும் ஐந்து வேலை நாளாவது வேண்டும். உங்களுக்கு அதுவும் இல்லை. டிக்கெட் அச்சடிக்கும் முன் ஒரு போன் செய்திருக்கலாம். இப்போது பீரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: காலிப் பீப்பாயை நானே வைத்துக்கொண்டால் என்ன? கறிவேப்பிலைச் செடி வைக்கலாம் என்று ஆசை. (சட்டன்)

பதில்: கூடாது. நீங்கள் காசு கொடுத்தது உள்ளே இருந்த பீருக்கு. பீப்பாய் ப்ரூவரியின் சொத்து, சிறிய ப்ரூவரிக்கு ஒன்று தொலைந்தாலே பெரிய நஷ்டம். கழுவிக்கூட வைக்க வேண்டாம், துளையை அடைத்துத் திருப்பிக் கொடுங்கள். கறிவேப்பிலைக்கு மண்தொட்டி வாங்குங்கள்.